பெர்மாகல்ச்சர்: நடறதுக்கு முன்னாடி கொஞ்சம் பாக்கணும்

பெர்மாகல்ச்சர்னா என்னன்னு கேட்டா பாதிப் பேர் "அட, அது இயற்கை விவசாயம்தானே"ன்னு சொல்வாங்க, மீதிப் பேர் வட்ட வட்டமா பாத்தி கட்டி நடுவுல வாழை வச்ச ஒரு போட்டோவ காட்டுவாங்க. ரெண்டுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு, ஆனா ரெண்டுமே விஷயத்தோட ஓரத்துலதான் நிக்குது. ஒருத்தர் 10 ஏக்கர்ல ஒரே பயிரப் போட்டு, தொழு உரத்த எங்கயோ 200 கிலோமீட்டர் தள்ளி இருந்து லாரில வரவழைச்சு, ராத்திரி பகலா மோட்டார் ஓட்டி தண்ணி பாய்ச்சி, ஒரு சொட்டு மருந்து அடிக்காம அறுவடை பண்ணா அது ஆர்கானிக்தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்த லாரி ஒரு சீசன் வரலன்னா அந்தப் பண்ணை என்ன ஆகும், மோட்டார் ஒரு வாரம் மக்கர் பண்ணா என்ன ஆகும்? பெர்மாகல்ச்சர் இந்தக் கேள்விலதான் ஆரம்பிக்குது. ஒரு இடத்துக்கு வெளியில இருந்து என்னென்ன வருது, அங்கிருந்து என்னென்ன வீணாப் போகுது, வீணாப் போறத வச்சே வர வேண்டியதக் குறைக்க முடியுமா, இதெல்லாம் ஆற அமர யோசிச்சு அந்த இடத்த அமைக்கறதுக்குப் பேர்தான் பெர்மாகல்ச்சர். அதனால இத ஒரு விவசாய முறைன்னு சொல்றதவிட டிசைன் முறைன்னு சொல்றதுதான் பொருத்தம்னு எனக்குத் தோணுது. எந்தச் செடிய வைக்கறோம்ங்கறத விட அத எதுக்குப் பக்கத்துல வைக்கறோம்ங்கறதுதான் இங்க முக்கியம்.

இந்த வார்த்தை பொறந்தது ஆஸ்திரேலியாவோட தாஸ்மேனியா தீவுல. பில் மொல்லிசன்னு ஒருத்தர், மீன் பிடிக்கறது, காட்டு வேலைன்னு என்னென்னமோ பண்ணிட்டு கடைசில யுனிவர்சிட்டில பாடம் எடுக்க வந்தவர், அவரும் டேவிட் ஹோம்கிரென்ங்கற மாணவரும் 1974-ல சந்திச்சாங்க, அப்போ ஹோம்கிரெனுக்கு 20 வயசு கூட ஆகல. அது எந்தக் காலம்னா 1973-ல உலகம் பூரா பெட்ரோல் விலை திடீர்னு ஏறி, நம்ம சாப்பாடு எவ்வளவு தூரம் எண்ணெய நம்பி நிக்குதுன்னு எல்லாருக்கும் உறைச்ச நேரம். டிராக்டருக்கு டீசல், உரம் தயாரிக்க இயற்கை எரிவாயு, விளைஞ்சத கொண்டு போக லாரி, அது கெடாம வைக்க கரன்ட்டு. அந்தப் பக்கம் காட்டப் பாத்தா யாரும் உழல, யாரும் உரம் போடல, ஆனா வருஷத்துக்கு வருஷம் மண்ணு நல்லாத்தான் ஆகுது. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்ததான் ரெண்டு பேரும் குடைஞ்சாங்க. 1978-ல சேர்ந்து ஒரு புத்தகம் போட்டாங்க, அதுலதான் நிரந்தரம்ங்கற அர்த்தம் வர்ற "பெர்மனன்ட்"டையும் "அக்ரிகல்ச்சர்"ரையும் ஒட்டி பெர்மாகல்ச்சர்னு பேர் வச்சாங்க. பின்னாடி வீடு, எனர்ஜி, பணம், சமூகம்னு எல்லாத்துக்கும் இந்த யோசனை விரிஞ்சப்போ, விவசாயம் மட்டும் நிரந்தரமா இருந்தா போதாது, வாழ்க்கை முறையே அப்படி இருக்கணும்னு அதே பேருக்கு கல்ச்சர்ங்கற அர்த்தமும் சேர்ந்துகிச்சு. இப்போ உலகம் முழுக்க 72 மணி நேர டிசைன் கோர்ஸ்னு ஒன்னு நடக்குதே, அதுவும் மொல்லிசன் ஆரம்பிச்சு வச்சதுதான்.

இங்க ஒன்ன மறக்காம சொல்லணும். பேர்தான் 1978, உள்ள இருக்கற அறிவு அதவிட ரொம்பப் பழசு. வட அமெரிக்காவோட பூர்வகுடி மக்கள் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூணையும் ஒரே எடத்துல சேர்த்துப் போடுவாங்க, சோளத்தண்டப் பிடிச்சு பீன்ஸ் ஏறும், பீன்ஸ் செடி மக்கறப்போ மண்ணுக்கு தழைச்சத்து சேரும், பூசணி இலை தரைய மூடி ஈரத்தக் காக்கும், களையும் வராது. மொல்லிசனும் ஹோம்கிரெனும் பண்ணது என்னன்னா இப்படிப் பல ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையா செஞ்சு வந்ததையும் சூழலியல் படிப்பையும் சேர்த்து, யாரு வேணா கத்துக்கற மாதிரி ஒரு முறையா அடுக்கினது. அது பெரிய வேலைதான். ஆனா அந்த மக்கள சொல்லாம இவங்க ரெண்டு பேர மட்டும் சொன்னா அது நியாயம் இல்ல.

எல்லாத்துக்கும் அடியில மூணு நெறி இருக்கு: பூமியப் பாத்துக்கறது, மனுஷங்களப் பாத்துக்கறது, தேவைக்கு மேல மிஞ்சறதப் பகிர்ந்துக்கறது. கேக்கறதுக்கு சாதாரணமா இருக்கும், ஆனா ஒரு முடிவு எடுக்கறப்போ இத வச்சு உரசிப் பாத்தா நல்லா வேலை செய்யும். உதாரணத்துக்கு ஒரு தோட்டம் மண்ண நல்லாக்குது, ஆனா அதப் பாத்துக்கற ஆளு முதுகு ஒடிஞ்சு படுத்துடறாருன்னா ரெண்டாவது நெறில அது ஃபெயில்.

இப்ப உள்ள போலாம். ஒரு வீட்ட எடுத்துக்கோங்க. குளிச்ச தண்ணி சாக்கடைக்குப் போகுது. தோட்டத்துல விழுந்த இலையும் கிளையும் குப்பை வண்டிக்குப் போகுது. கொல்லைல ஒரு வாழை நிக்குது, அதுக்கு குழாய்த் தண்ணியும் கடைல வாங்கின உரமும் போகுது. மூணும் தனித்தனியா இருக்கறதால மூணுமே செலவு. இப்ப சுமார் 2 மீட்டர் அகலம், ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கம்மியா ஆழம் வச்சு ஒரு வட்டக் குழி வெட்டி, வெட்டின மண்ண சுத்தி வரப்பா போட்டு, குழிக்குள்ள அந்த இலை தழை, கிளை, காய்கறித் தோல் எல்லாத்தயும் மேடா கொட்டி, வரப்பு மேல நாலஞ்சு வாழையும் இடையில பப்பாளியும் நட்டு, குளிச்ச தண்ணிய அந்தக் குழிக்குத் திருப்பி விட்டா என்ன ஆகும்னு பாருங்க. குப்பை ஈரத்துல மக்கும், மக்கினது வாழைக்கு உரம், வாழை தண்ணிய இழுத்துக்கறதால சேறு தேங்காது, வாழை இலையும் தாரு வெட்டின மரமும் திரும்ப அதே குழிக்குள்ள போகும். வெப்பமான ஊர்கள்ல இத வாழை வட்டம்னு சொல்வாங்க. புதுசா எந்தப் பொருளும் வாங்கல, இருந்தத ஒன்னோட ஒன்னு கோர்த்து விட்டோம், அவ்வளவுதான் (சோப்புத்தண்ணிய மட்டும் ஒரு நாளுக்கு மேல தேக்கி வைக்காதீங்க, நாறும், சோடியம், போரான் அதிகம் இருக்கற சோப்பும் பவுடரும் மண்ணக் கெடுக்கும், கீரை மாதிரி தண்ணி நேரா படற, பச்சையா சாப்பிடற எதுக்கும் இந்தத் தண்ணி வேண்டாம்).

இதத்தான் பெர்மாகல்ச்சர்காரங்க ரெண்டு விதியா சொல்வாங்க, இருக்கற ஒவ்வொரு பொருளும் ஒன்னுக்கு மேற்பட்ட வேலை செய்யணும், ஒவ்வொரு முக்கியமான தேவைக்கும் ஒன்னுக்கு மேற்பட்ட வழி இருக்கணும். வேலின்னு ஒன்னு போட்டா அது ஆடு மாடத் தடுக்கறதோட நிக்காம காத்தயும் தடுக்கணும், தேனீக்குப் பூவும் தரணும், மண்ணுல போட தழையும் தரணும், அப்போ கம்பி வேலியவிட உயிர்வேலி ஏன் நல்லதுன்னு தானா புரியும். ரெண்டாவது விதிக்குத் தண்ணிய எடுத்துக்கோங்க, கிணறு மட்டும்தான்னா கிணறு வத்தின அன்னிக்கு கதை முடிஞ்சுது, கிணத்தோட கூரைத் தண்ணித் தொட்டி, மண்ணுக்குள்ள பிடிச்சு வச்ச ஈரம், குளிச்ச தண்ணின்னு நாலு வழி இருந்தா ஒன்னு போனாலும் தாங்கும்.

அடுத்தது சோன், அதாவது நாம எவ்வளவு அடிக்கடி போறோம்ங்கறத வச்சு இடத்தப் பிரிக்கறது. ஆரம்பிக்கறவங்களுக்கு எல்லாத்தயும் விட இதுதான் சீக்கிரம் பலன் குடுக்கும்னு நான் நெனைக்கறேன். நீங்க அடிக்கடி போற இடத்துல அடிக்கடி கவனிப்பு தேவைப்படறத வைக்கணும், அபூர்வமா போற இடத்துல தானா வளர்றத வைக்கணும். வீடு சோன் 0. வாசப்படிக்குப் பக்கத்துல சோன் 1, கீரை, நாத்து, மூலிகை எல்லாம் அங்க. சோன் 2-ல பழமரம், கோழி, கம்போஸ்ட். 3-ல பெரிய அளவுல பயிர். 4-ல விறகு, மரத்துக்கான காடு, மேய்ச்சல். 5-ல நாம எதுவும் பண்றதில்ல, அது காட்டுக்கே, அங்க போறது பாத்துக் கத்துக்க மட்டும்தான். எல்லாருக்கும் அஞ்சும் இருக்காது, சின்ன வீட்டுக்கு 0-வும் 1-ம் மட்டும்தான் இருக்கும், அதுல தப்பே இல்ல.

நான் முதல்ல காய்கறிப் பாத்திய போட்டது மனையோட கடைசி மூலைல, ஏன்னா அங்கதான் இடம் நெறைய இருந்துச்சு. முதல் மாசம் தினம் போனேன், ரெண்டாவது மாசம் ரெண்டு நாளைக்கு ஒருக்கா, அப்புறம் மழை பேஞ்சு ஒரு வாரம் போகாம விட்டதுல வெண்டை முத்திப்போச்சு, தக்காளிய புழு தின்னுடுச்சு, களை இடுப்பளவு வந்துடுச்சு. என்ன சோம்பேறித்தனம்னு திட்டிக்கிட்டிருந்தேன். அப்புறம் ஒரு கணக்குப் போட்டுப் பாத்தேன். பாத்தி 30 மீட்டர் தள்ளி இருந்தா போய்ட்டு வர 60 மீட்டர், ஒரு நாளைக்கு ரெண்டு தடவ போனா 120, வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 44 கிலோமீட்டர் நடை. அதே பாத்தி வாசல்ல இருந்து 5 மீட்டர்ல இருந்தா வருஷத்துக்கு 7 கிலோமீட்டர் சொச்சம். அதுல பாதிய பல்லு வெளக்கறப்பயே நடந்துடலாம், நடக்கறப்பவே ரெண்டு புழுவப் பிடுங்கிப் போடலாம். பாத்திய வாசலுக்குக் கொண்டு வந்ததுக்கு அப்புறம் அதே ஆளு, அதே விதைதான், காய் நல்லா வந்துச்சு. டிசைன்னு சொல்றது இதத்தான்.

சோனோட சேர்ந்து வர்றது செக்டார். சோன் நம்ம காலடியப் பொறுத்தது, செக்டார் வெளியில இருந்து வர்றதப் பொறுத்தது: வெயில் எந்தப் பக்கம் இருந்து சாயங்காலம் சுடுது, பலத்த காத்து எந்த மாசம் எந்தத் திசைல அடிக்குது, மழைத்தண்ணி எங்க நுழைஞ்சு எங்க வெளிய போகுது, காட்டுத்தீ வர்ற ஊர்னா அது எந்தப் பக்கம் இருந்து ஏறி வரும். இதயெல்லாம் ஒரு பேப்பர்ல அம்புக்குறியா போட்டுட்டு, ஒவ்வொன்னுக்கும் உள்ள விடலாமா, தடுக்கணுமா, திருப்பி விடணுமான்னு மட்டும் யோசிச்சா போதும்.

தண்ணியப் பத்தி கொஞ்சம் நிறுத்தி நிதானமா பேசணும், ஏன்னா ஒரு இடத்துல மத்த எல்லாமே தண்ணியத் தொட்டுத்தான் அமையும். ஒரு சதுர மீட்டர் மேல ஒரு மில்லிமீட்டர் மழை பேஞ்சா அது சரியா ஒரு லிட்டர். இந்த ஒரே கணக்க மனசுல வச்சுக்கிட்டா போதும். 50 சதுர மீட்டர் கூரை மேல 20 மில்லிமீட்டர் மழை பேஞ்சா 1000 லிட்டர், அதுல கொஞ்சம் ஆவியாகி, சிந்தி, முதல் அழுக்குத் தண்ணிய ஒதுக்கி விட்டாலும் பெரும்பங்கு கைக்குக் கிடைக்கும். ஒரே ஒரு மழைல. நெறைய இடத்துல இத பைப் போட்டு ரோட்டுக்கு விட்டுட்டு, அதே வீட்டுல ரெண்டு மாசம் கழிச்சு தண்ணிக்கு லாரி கூப்பிடறத நான் பாத்திருக்கேன், மனசு வலிக்கும்.

நிலத்துல விழற தண்ணிக்கு பெர்மாகல்ச்சர் சொல்றது, அத ஓட விடாம நடக்க வை, ஒரே எடத்துல போகாம பரவ வை, பரவினது மண்ணுக்குள்ள இறங்கற மாதிரி பண்ணு. ஆரம்பிக்கறது எப்பவும் மேட்டுல இருந்து, ஏன்னா மேட்டுல பிடிச்ச தண்ணி கீழ இறங்கறதுக்குள்ள நாலு எடத்துல உதவும், பள்ளத்துல பிடிச்சா அத மேல கொண்டு போக மோட்டார்தான் வேணும். இதுக்கு ரொம்பப் பேசப்படற முறை ஸ்வேல். சரிவான நிலத்துல ஒரே உயரத்துல இருக்கற புள்ளிகள இணைச்சா ஒரு கோடு வரும்ல, அந்தக் கோட்டுலயே வாய்க்கால் வெட்டி, வெட்டின மண்ண தாழ்வான பக்கம் வரப்பா போடறது. பாக்க வாய்க்கால் மாதிரி இருந்தாலும் இதுல தண்ணி ஓடாது, அடி முழுக்க ஒரே மட்டமா இருக்கறதால வந்த தண்ணி அப்படியே நின்னு மெதுவா கீழ இறங்கி வரப்புல நட்ட மரத்தோட வேருக்குப் போகும்.

மட்டம் பாக்க பெரிய மிஷின் எதுவும் வேணாம். 2 மீட்டர் நீளத்துல ரெண்டு கம்பு எடுத்து மேல ஒன்னாக் கட்டி காலு விரிச்ச மாதிரி நிறுத்தி, நடுவுல ஒரு குறுக்குக் கம்பு கட்டி, உச்சில இருந்து ஒரு கயித்துல கல்லத் தொங்க விடுங்க. கொஞ்சம் ஏத்த இறக்கமான தரைல நிறுத்தி கயிறு குறுக்குக் கம்ப தொடற எடத்துல ஒரு கோடு, ரெண்டு காலயும் எடம் மாத்தி வச்சு இன்னொரு கோடு, ரெண்டுக்கும் சரி நடுவுல வர்ற புள்ளிதான் மட்டம். கயிறு அந்தப் புள்ளில நின்னா ரெண்டு காலும் ஒரே உயரத்துல இருக்குன்னு அர்த்தம். ஒரு கால அப்படியே வச்சுட்டு இன்னொரு கால சுழட்டி சுழட்டி நிலம் பூரா நடந்துட்டே போய் குச்சி அடிச்சுட்டு வரலாம். கொத்தனார் வச்சிருக்கற தண்ணி டியூப்புலயும் இதே வேலைய பண்ணலாம், ஆனா இந்தக் கம்ப நீங்களே கட்டி நடந்து பாத்தீங்கன்னா உங்க நிலத்த வேற யார் சொல்லியும் புரியாத அளவுக்குப் புரிஞ்சுக்குவீங்க, நாம சமமா இருக்குன்னு நெனச்ச எடம் எல்லாம் சமமாவே இருக்காது.

ஆனா ஸ்வேல் எல்லா இடத்துக்கும் கிடையாது, இத அழுத்திச் சொல்றேன். ரொம்ப செங்குத்தான சரிவுல, இல்ல களிமண் சறுக்கற நிலத்துல ஸ்வேல் வெட்டினா ஊறின மண்ணு மொத்தமா சரிஞ்சு இறங்கிடும், கீழ வீடு இருந்தா உயிருக்கே ஆபத்து. நிலத்துக்கு அடியில உப்புத்தண்ணி இருக்கற எடத்துல தண்ணிய இறக்கினா அந்த உப்பு மேல ஏறி வரும். வீட்டு அஸ்திவாரத்துக்குப் பக்கத்துலயும் வெட்டக்கூடாது. வெட்டற எந்த ஸ்வேலுக்கும் அதிகப்படித் தண்ணி பத்திரமா வழிஞ்சு போக கல்லு பதிச்ச ஒரு வழி கண்டிப்பா வேணும், அத முதல்ல முடிவு பண்ணிட்டு அப்புறம்தான் மண்வெட்டியக் கையில எடுக்கணும். சமமான நிலத்துல இது தேவையே படாது, அங்க மூடாக்கு போட்டு மண்ண நல்லாக்கினாலே தண்ணி தானா இறங்கும்.

மூடாக்குன்னா மண்ண வெறுமனே விடாம காஞ்ச இலை, வைக்கோல், வெட்டின களைன்னு எதையாவது வச்சு மூடறது. 5-ல இருந்து 10 சென்டிமீட்டர் கனத்துக்கு மூடுங்க, செடியோட தண்டுல மட்டும் ஒட்டாம ஒரு சாண் தள்ளி இருக்கட்டும், இல்லன்னா தண்டு அழுகும். வெயில் மண்ணுல நேரா படாது, மழைத்துளி மண்ண அடிச்சு இறுக்காது, களை குறையும், கீழ மண்புழுவும் பூஞ்சை இழையும் வேலை பாக்கும். மண்ணக் கிளறாம விடுங்கன்னு சொல்றதுக்கும் இதுதான் காரணம், அந்தப் பூஞ்சை இழைகள் செடியோட வேரோட ஒட்டிக்கிட்டு வேர் எட்டாத தூரத்துல இருந்து பாஸ்பரஸும் தண்ணியும் கொண்டு வந்து குடுத்துட்டு பதிலுக்கு செடிகிட்ட இருந்து சர்க்கரை வாங்கிக்கும், ஒவ்வொரு தடவ ஆழமா உழறப்பவும் அந்த வலைய நாமளே அறுத்துடறோம். ஜப்பான்ல மசனோபு ஃபுகுவோகா உழாம பல வருஷம் நெல்லு விளைச்சுக் காட்டினார், பெர்மாகல்ச்சர் ஆளுங்க அவரத் தங்களோட சொந்தக்காரர் மாதிரிதான் பேசுவாங்க.

கம்போஸ்டுக்கு ஒரு விஷயம் புரிஞ்சா போதும். காஞ்ச பழுப்பு நிறப் பொருள்ல கார்பன் அதிகம், பச்சையா ஈரமா இருக்கறதுல நைட்ரஜன் அதிகம், நுண்ணுயிருக்கு நைட்ரஜன் ஒரு பங்குன்னா கார்பன் 25-ல இருந்து 30 பங்கு வேணும். அளந்து பாக்க வேணாம், பச்சை ஒரு கூடைக்குக் காஞ்சது ரெண்டு மூணு கூடைன்னு போட்டா கிட்டத்தட்ட சரியா வரும். நாத்தம் அடிச்சா பச்சை அதிகம், காத்து கம்மி, காஞ்சதப் போட்டுக் கிளறுங்க. மாசக்கணக்குல அப்படியே கிடந்தா காஞ்சது அதிகம், இல்ல ஈரம் பத்தல. குவியல் நீளம் அகலம் உயரம் எல்லாம் ஒரு மீட்டராவது இருந்தா உள்ள 55 டிகிரிக்கு மேல சூடாகும், அந்தச் சூட்டுல களை விதையும் நோய்க்கிருமியும் பெரும்பாலும் செத்துடும். சின்னக் குவியலும் மக்கும், சூடு ஏறாததால நாள் ஆகும், அவ்வளவுதான்.

பயறு வகைச் செடிங்க மண்ணுக்கு நைட்ரஜன் தரும்னு எல்லாரும் படிச்சிருப்போம். அது நடக்குதான்னு நீங்களே பாக்கலாம். செடிய மெதுவா தோண்டி எடுத்து வேர்ல இருக்கற குட்டி முண்டு ஒன்ன நகத்தால கீறுங்க, உள்ள இளஞ்சிவப்பா இருந்தா பாக்டீரியா வேலை பாக்குது, வெள்ளையாவோ பச்சையாவோ இருந்தா பாக்கல. பலர் தப்பா புரிஞ்சுக்கற ஒரு இடமும் இதுல இருக்கு, பக்கத்துல பயறுச்செடி நின்னாலே மத்த செடிக்கு நைட்ரஜன் பாஞ்சு வந்துடும்னு நெனைக்கறாங்க, அப்படிப் பெருசா எதுவும் வராது. அந்தச் செடி அதத் தனக்குத்தான் சேர்த்து வச்சுக்கும். அத வெட்டி அங்கயே போட்டு, இலையும் வேரும் மக்கினாத்தான் மத்ததுக்குக் கிடைக்கும், விதைய அறுத்து எடுத்துட்டீங்கன்னா நைட்ரஜன்ல பெரும்பகுதி விதையோடயே போய்டும். அதனாலதான் உணவுக்காடு போடறவங்க பழமரம் ஒவ்வொன்னுக்கும் பக்கத்துல வேகமா வளர்ற பயறு வகை மரத்த நட்டு, வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவ கிளையக் கழிச்சு அடியிலயே போடுவாங்க, பழமரம் பெருசானதும் அந்த மரத்த மெல்ல மெல்ல எடுத்துடுவாங்க.

உணவுக்காடுன்னு சொன்னேன்ல, அது காட்டோட அடுக்கப் பாத்து அதே மாதிரி சாப்பிடற செடிங்கள நடறது. இங்கிலாந்துல ராபர்ட் ஹார்ட்ங்கறவர் தன்னோட சின்னத் தோட்டத்துல இத ஏழு அடுக்கா பிரிச்சார், உயரமான மரம், குட்டை மரம், புதர், சின்னச்செடி, தரையோட படர்றது, கிழங்கு, ஏறுகொடி. ஏழயும் நிரப்பியே ஆகணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல, வெயில் எங்கெல்லாம் சும்மா தரைல விழுதுன்னு பாக்க இது ஒரு கண்ணாடி. புதுசா போடறவங்க பண்ற பெரிய தப்பு நெருக்கி நடறது. நடற அன்னிக்கு மரம் முழங்கால் உயரம்தான் இருக்கும், இடைவெளி அநியாயமா தெரியும், அஞ்சு வருஷம் கழிச்சு ஒன்னு மேல ஒன்னு விழுந்து காயே பிடிக்காது. மரம் முழுசா வளர்ந்தா எவ்வளவு அகலம் வரும்னு தெரிஞ்சுக்கிட்டு நடுங்க, நடுவுல இருக்கற காலி எடத்துல முதல் ரெண்டு மூணு வருஷம் காய்கறியும் பயறும் போட்டுக்கலாம்.

வீட்டுக்குள்ளயும் இதே கண்ணோட பாக்கலாம், நிலமே இல்லாதவங்களுக்கு அங்கதான் தொடக்கம். சாயங்கால வெயில் அடிக்கற செவுத்துக்கு முன்னாடி ஒரு கொடிப் பந்தல் போட்டா அந்த ரூம் சூடு குறையும், காயும் கிடைக்கும், குளிர் தேசத்துல இலை உதிர்க்கற கொடியப் போட்டா கோடைல நிழல், குளிர்காலத்துல வெயில். ஆஸ்திரியா மலைல செப் ஹோல்சர்னு ஒரு விவசாயி, 1962-ல அப்பா அம்மாகிட்ட இருந்து பண்ணைய வாங்கி நடத்தினவர், கடல் மட்டத்துக்கு மேல 1100 மீட்டருக்கும் உயரத்துல குளமும் பெரிய பெரிய கல்லும் வச்சு பகல் சூட்ட சேர்த்து, அந்தக் குளிர்ல வராதுன்னு சொன்ன பழமரங்கள வளர்த்தார். அதே தத்துவம்தான், சூட்ட வாங்கி வச்சுக்கற பொருள் எங்க இருக்கு, அத எதுக்குப் பக்கத்துல வைக்கலாம். பால்கனி மட்டும் இருக்குன்னா சமையல் கழிவுக்கு ஒரு மண்புழுத் தொட்டி, நாலு தொட்டில கீரை, அதுல மிஞ்சற நாத்த பக்கத்து வீட்டுக்குக் குடுக்கறது, அவங்ககிட்ட இருக்கற விதைய வாங்கிக்கறது, ஏணி, ரம்பம் மாதிரி எப்பவாவது தேவைப்படறத நாலு வீடு சேர்ந்து ஒன்னு வச்சுக்கறது. இதெல்லாம் சும்மா ஓரமா சேர்த்தது கிடையாது, மூணாவது நெறியே இதுதான். எல்லாத்தயும் ஒரே வீட்டுல விளைச்சுடணும்னு நெனைக்கறவங்க சீக்கிரம் களைச்சுப் போறாங்க, தெருவுல பத்து வீடு ஒன்னு ஒன்னா எடுத்துச் செஞ்சா யாருக்கும் பாரம் இல்ல.

சரி, இது வேலை செய்யுதாங்கற கேள்விக்கு நேரா பதில் சொல்லணும். மண்ணு விஷயத்துல ஆமான்னு சொல்ல ஆராய்ச்சி இருக்கு, நடு ஐரோப்பாவுல 9 பெர்மாகல்ச்சர் பண்ணைகள பக்கத்துல இருக்கற வழக்கமான வயல்களோட ஒப்பிட்டு 2024-ல வந்த ஆய்வுல மண்ணுல கார்பனும் மண்புழுவும் செடி வகைகளும் பெர்மாகல்ச்சர் பக்கம்தான் அதிகம். ஆனா விளைச்சல், வருமானம்னு வந்தா ஆய்வுகள் இன்னும் கம்மிதான், அதனால ஒரு ஏக்கர்ல லட்சம் லட்சமா வருமானம்னு யாராவது சொன்னா கொஞ்சம் தள்ளி நின்னு கேளுங்க, அந்தப் பணம் விளைச்சல்ல இருந்து வருதா இல்ல கோர்ஸ் எடுக்கறதுல இருந்து வருதான்னு பாருங்க. மரம் காய்க்க வருஷங்கள் ஆகும், முதல் ரெண்டு மூணு வருஷம் வேலை அதிகமாத்தான் இருக்கும், பல பயிர் கலந்து நட்டா மிஷின் வச்சு அறுக்க முடியாது. விவசாயத்த மட்டுமே நம்பி இருக்கற ஒருத்தர் மொத்த நிலத்தயும் ஒரே வருஷத்துல மாத்தறது ரிஸ்க், ஒரு ஓரத்துல கால் பங்குல ஆரம்பிச்சு அது நின்னதுக்கு அப்புறம் விரிக்கறதுதான் புத்திசாலித்தனம். வேகமா வளருதுன்னு வெளியூர்ச் செடியக் கொண்டு வந்து நட்டு, அது வேலி தாண்டிப் பரவி சுத்தி இருக்கற காட்டயே கெடுத்த கதைங்களும் உண்டு, அந்த இடத்துக்குச் சொந்தமான செடில அதே வேலைய பண்ற ஒன்னு இருக்கான்னு முதல்ல தேடுங்க.

எங்க ஆரம்பிக்கறதுன்னு கேட்டீங்கன்னா, ஒரு நோட்டு வாங்குங்க. முடிஞ்சா ஒரு முழு வருஷம் பாருங்க, அவ்வளவு பொறுமை இல்லன்னா ஒரு வெயில் காலம், ஒரு மழைக்காலமாவது பாருங்க, அதுவரைக்கும் திரும்ப மாத்த முடியாத எதையும் பண்ணாதீங்க, மரம் வெட்டறது, ஜேசிபி விடறது, குளம் தோண்டறது எல்லாம் அப்புறம். காலைல, மதியம், சாயங்காலம் நிழல் எங்க விழுதுன்னு மாசத்துக்கு ஒரு தடவ வரைஞ்சு வைங்க. ஒரு அடி ஆழக் குழி வெட்டி தண்ணி நிரப்பி, அது முழுக்க இறங்கினதும் திரும்ப நிரப்பி எவ்வளவு நேரத்துல இறங்குதுன்னு பாருங்க. ஒரு கண்ணாடி பாட்டில்ல மூணுல ஒரு பங்கு மண்ணும் மீதி தண்ணியும் போட்டு நல்லா குலுக்கி வச்சா ஒரு நிமிஷத்துல மணல் அடில படியும், ரெண்டு மணி நேரத்துல வண்டல், களிமண் படிய ஒரு நாளோ அதுக்கு மேலயோ ஆகும், மூணு அடுக்கயும் ஸ்கேல் வச்சு அளந்தா உங்க மண்ணு என்னன்னு தெரிஞ்சிடும். தானா முளைக்கற களை எதுன்னு எழுதுங்க, அதுவே மண்ணு இறுகி இருக்கா, தண்ணி தேங்குதான்னு ஓரளவு சொல்லிடும்.

அதோட வாசலுக்குப் பக்கத்துல ஒரே ஒரு சதுர மீட்டர எடுத்து, கிளறாம, அட்டைப்பெட்டிய பிரிச்சு டேப்பெல்லாம் உரிச்சுட்டு மேல பரப்பி நனைச்சு, அது மேல கம்போஸ்டும் மூடாக்கும் போட்டு கீரை விதைங்க. அது நல்லா வந்தா அடுத்த மீட்டர். முதல் பெரிய மழை வர்ற அன்னிக்கு மட்டும் ஜன்னல் வழியாப் பாக்காம, இடி மின்னல் அடங்கினதும் குடையப் பிடிச்சுக்கிட்டு வெளிய போங்க, தண்ணி எந்த மூலைல இருந்து உள்ள வருது, எங்க சேருது, எந்த எடத்துல மண்ணத் தூக்கிக்கிட்டு வெளிய போகுதுன்னு அது பின்னாடியே நடந்து பாத்துட்டு வந்து, துணி காயறதுக்குள்ள அந்த நோட்டுல வரைஞ்சிடுங்க.